செசபீக் விரிகுடாப் பாலமும் கடற்கரைச் சாலையும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் செசபீக் விரிகுடா இரண்டாகப் பிரிக்கிறது. வாஷிங்டன், பால்டிமோர் மக்கள் ஓஷன் சிட்டி கடற்கரைக்குச் செல்ல முன்பு வாகனப் படகுக்காகக் காத்துக்கிடந்தனர். 1952 ஜூலையில் சுமார் 7 கிலோமீட்டர் நீளச் சுங்கப் பாலம் திறக்கப்பட்டது. பால்டிமோர் துறைமுகக் கப்பல்கள் அடியில் செல்ல வேண்டியிருந்ததால், பாலத்தின் நடுப்பகுதி மிக உயரமாக அமைந்தது. ஓட்டுநர்கள் சிலருக்கு இன்றும் அது கிலிதான்.

இருவழிப் பாலம் விரைவில் திணறியது. 1973-இல் மூன்று தடங்களுடன் இரண்டாம் பாலம் எழுந்தது. ஆனால் பாலத்தை மட்டும் பெருக்கினால் போதாது. பாலத்துக்குக் கிழக்கே கென்ட் நேரோஸ் நீரிணையில் படகுகளுக்காகத் திறக்கும் தூக்குப்பாலமே கோடை நெரிசலின் முடிச்சாக இருந்தது. அன்றைய மேரிலாந்து ஆளுநர் ஷேஃபரின் கடற்கரைச் சாலைத் திட்டத்தில் 1990-இல் அங்கே உயர்பாலம் வந்ததும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. விரிகுடாப் பாலத்தில் சுங்கம் கிழக்கு நோக்கிச் செல்லும் வாகனங்களுக்கு மட்டுமே.