கதையை யார் சொல்றாங்க? - புதுசா எழுதுறவங்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி!

'விருமாண்டி' (2004) படம் ஞாபகம் இருக்கா? சிறைக்குள் கேமராவோடு வரும் பெண்ணிடம் முதலில் கொத்தாளத் தேவர் பேசுவார். கேட்டு முடிக்கும்போது, விருமாண்டி மேல் நமக்கே கோபம் வரும். அப்புறம் விருமாண்டி வாயைத் திறப்பான். அதே ஊர், அதே ஆட்கள்... ஆனால், நாம் கட்சி மாறிவிடுவோம்!

யார் சொல்கிறார்களோ, அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது கேட்பவரின் இயல்பு. எழுத்தில் இதற்குப் பெயர் 'பார்வைக்கோணம்'. புதிதாகக் கதை எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்.

ஒரே காட்சி, மூன்று கதைகள்

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக, கமலம் தன் தாலிச் செயினை அடகு வைக்கப் போகிறாள். மகள் செல்வி கடை வாசலில் நிற்கிறாள். இதைக் கமலத்தின் கண் வழியே எழுதினால், அது கௌரவத்தின் கதை. செல்வியின் கண் வழியே எழுதினால், குற்ற உணர்ச்சியின் கதை. அடகுக்கடைக்காரருக்கோ காரணமே தெரியாது. அவர் பார்ப்பது, அந்தம்மா கழுத்தில் இருக்கும் புது மஞ்சள் கயிற்றை மட்டும்தான். ஆக, கண்ணை மாற்றினால் கதையே மாறிவிடும்.

மனசு விட்டு மனசு தாவாதீங்க!

இதைப் படியுங்கள்: 'செயினை நீட்டிய கமலத்துக்கு அவமானமாக இருந்தது. பாவம், நல்ல குடும்பம் என்று நினைத்தார் கடைக்காரர். செல்விக்கு அழுகை முட்டியது.'

மூன்று வரி, மூன்று மனசு. வாசகர் யாரோடும் நிற்க முடியாமல் அல்லாடுவார். கமலத்தோடு மட்டும் இருந்தால்?

'கடைக்காரர் செயினைப் பார்க்கவில்லை, அவள் கழுத்தைப் பார்த்தார். கமலம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.'

அவர் என்ன நினைத்தார் என்று கமலத்துக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவளுடைய கூச்சத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

'பொன்னியின் செல்வன்'ல கல்கி எல்லார் மனசுக்குள்ளும் போகலையா?' என்று கேட்கலாம். போகிறார். ஆனால், அங்கே கதைசொல்லியே வாசகரிடம் நேரடியாகப் பேசி, கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். ஆரம்பம் முதல் கடைசிவரை அந்தக் குரல் நம்மோடு இருப்பதால், எங்கே போனாலும் நாம் தொலைவதில்லை. அந்தக் குரல் கைவராதவரை, ஒரு காட்சிக்கு ஒரு மனசு போதும்.

'நான்' என்று எழுதினால் ஈஸியா?

நெருக்கம் சட்டென்று வந்துவிடும். ஆனால், 'நான்' இல்லாத இடத்தில் நடந்ததை 'நான்' சொல்ல முடியாது. கடைக்குள் நடந்த பேச்சு, வாசலில் நிற்கும் செல்விக்கு எப்படிக் கேட்கும்? அந்தப் பேச்சு கதைக்கு அவசியம் என்றால், அவளை உள்ளே கூட்டிப்போங்கள். இல்லை, வேறு கண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

உறவுமுறையும் கோணம்தான்

'அவள்' என்று படர்க்கையில் எழுதினாலும், செல்வியின் கண் வழியே போகும் கதையில் 'கமலம் பெருமூச்சு விட்டாள்' என்று வந்தால் இடிக்கும். செல்விக்கு அவர் 'அம்மா'. கடைக்காரருக்கு 'அந்தம்மா'. மருமகளின் கதையில் 'மாமியார் வந்தார்' என்று ஒரு வரியிலும், 'வந்தாள்' என்று அடுத்த வரியிலும் எழுதினால், அவள் மரியாதையை விட்டுவிட்டாள் என்றே வாசகர் நினைப்பார். அதைத் தெரிந்தே செய்தால் அழகு. தெரியாமல் செய்தால் பிழை.

இந்த வாரமே எழுதிப் பாருங்க

உங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பக்கத்திலிருந்து பத்து வரி. அப்புறம், நீங்கள் யாரோடு சண்டை போட்டீர்களோ அவர் பக்கத்திலிருந்து பத்து வரி. அதில் உங்கள் மனசுக்குள் இருந்தது எதுவும் வரக் கூடாது. அவர் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மட்டும்தான்.

இரண்டாவது பத்து வரி எழுதும்போது கொஞ்சம் வலிக்கும். நல்ல கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்!