ஊர் மாறினாலும் பயிற்சி நிற்கக் கூடாது: படைவீரர்களின் மாற்றுத்திறன் குழந்தைகள்

ராணுவத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிட மாறுதல் வந்துவிடும். எல்லைப்பகுதிக்கு உத்தரவு வந்தால் பெரும்பாலும் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. மனைவியும் பிள்ளைகளும் ராசிபுரம், எடப்பாடி, திருச்செங்கோடு எனச் சொந்த ஊர் திரும்புகிறார்கள். பிள்ளைக்கு ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ இருந்தால், முதலில் அறுந்துபோவது பயிற்சிதான். வடக்கே இந்தியில் தொடங்கிய பேச்சுப் பயிற்சியை இங்கே தமிழில் மறுபடி தொடங்க வேண்டும்.

சட்டம் தருவது என்ன?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) நாடு முழுவதும் செல்லும். ஆனால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சேரும்போது மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கேந்திரிய வித்யாலயாக்களில் படைவீரர் பிள்ளைகளுக்கு முன்னுரிமையும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

இடைவெளி எங்கே?

பெரிய ராணுவ முகாம்களில் ராணுவ மனைவியர் நலச் சங்கம் ‘ஆஷா’ சிறப்புப் பள்ளிகளை நடத்துகிறது. அத்தகைய முகாம் இல்லாத சேலம், நாமக்கல் பகுதியில் கல்வித் துறையின் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளுமே கைகொடுக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவதும் இவர்களே. ஆனால் முந்தைய ஊரில் பிள்ளை எதுவரை முன்னேறியது என்பதை இவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இதற்கு மாறாக அமெரிக்காவில், சிறப்புத் தேவைக்கென வகுத்த தனிநபர் கல்வித் திட்டத்தோடு வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அதற்கு இணையான சேவையைப் புதிய பள்ளி தந்தாக வேண்டும், அது சட்டம்.

செய்ய வேண்டியது

மருத்துவ அறிக்கை, பயிற்சிக் குறிப்பு, பிள்ளை பழகிய சைகைகள், பயப்படும் ஒலிகள், சிறு வீடியோக்கள் ஆகியவற்றைப் பெற்றோர் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கலாம். ஆனால் முழுச் சுமையையும் தாயின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. டி.சி.யோடு பயிற்சிப் பதிவையும் பள்ளிகள் கட்டாயம் தர வேண்டும். குடும்பம் ஊர் திரும்பியதும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அந்தப் பிள்ளையை வட்டார வள மையத்தோடு இணைக்க வேண்டும். தந்தை எல்லையில் நிற்கும் காலத்தில் பிள்ளையின் பயிற்சி தடைபடாமல் காப்பது அரசின் கடமை.