போல்டரைத் திறந்தாலே கம்ப்யூட்டர் திணறுதா? ஆடியோ ஃபைலை அழிக்கும் முன் இதைப் படிங்க!

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் விடிய விடிய நடந்த பாட்டை அந்தக் காலத்திலேயே டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்தவர்கள் உண்டு. நாகர்கோவில் பக்கம் இருக்கும் என் மாமாவும் அப்படித்தான். சமீபத்தில் எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றி வாங்கினார். மொத்தம் 64 ஃபைல்கள்.

போன வாரம் போன் வந்தது. "மக்கா, அந்த போல்டரத் தொறந்தா சுத்திக்கிட்டே கெடக்கு. அழிச்சிரட்டா?"

கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. இனி ஓடாது. இருப்பது இந்த ஒரே பிரதிதான். "அழிச்சிராதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன்.

ஏன் திணறுகிறது?

பெரிய ஃபைல் என்பதால் அல்ல. பெயர், அளவு, தேதியைக் காட்ட ஃபைலைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் ஒரு போல்டரை 'மியூசிக்' என்று கருதினால், பாடியவர் பெயர், ஆல்பம், நீளம் எல்லாம் காட்ட ஒவ்வொரு ஃபைலையும் திறந்து படிக்கும். பாடியவர் பெயர், ஆல்பம் போன்ற விவரங்கள் இருக்கும் இடம்தான் 'ஐடி3 டேக்'.

சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்:

* டேக் பழுதாகியிருப்பது.
* அட்டைப்படமாகப் பெரிய போட்டோவை ஃபைலுக்குள் திணித்திருப்பது.
* 'விபிஆர்' வகை எம்பி3-யில் நீளக் குறிப்பு இல்லாதது. அப்போது நீளத்தைக் கணக்கிட முழு ஃபைலையும் படிக்க வேண்டிவரலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் என்றால் தாமதம் இன்னும் கூடும்.

என்ன செய்யலாம்?

1. முதலில் வேறொரு டிரைவில் பேக்கப் எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீங்க.

2. போல்டர் மீது ரைட் கிளிக், 'பிராப்பர்டீஸ்', 'கஸ்டமைஸ்' போய் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என மாற்றுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

3. சரியாகலையா? பாதி ஃபைல்களை வேறு போல்டருக்கு நகர்த்துங்கள். எந்தப் பாதி திணறுகிறதோ, அதை மறுபடி பாதியாக்குங்கள். கோளாறு ஒரே ஃபைலில் என்றால், 64 ஃபைலில் அதைப் பிடிக்க ஆறு முறை போதும்.

4. அந்த ஃபைலை விஎல்சி-யில் போட்டுக் கேளுங்கள். ஒலி நன்றாக இருந்தால் கோளாறு டேக்கில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். 'எம்பி3டேக்' மென்பொருளில் டேக்கை நீக்கிப் புதிதாக எழுதலாம். ஒலிக்கு எதுவும் ஆகாது. விபிஆர் நீளக் குறிப்பைச் சரிசெய்ய 'ஃபூபார்2000'-இல் வசதி உண்டு.

மொபைலில்?

ஆண்ட்ராய்டில் அந்த போல்டருக்குள் '.நோமீடியா' என்ற பெயரில் (ஆங்கில எழுத்தில்) வெற்று ஃபைல் ஒன்றை வைத்தால், மீடியா ஸ்கேனர் அதைத் தொடாது. ஆனால் மியூசிக் ஆப்களில் அந்தப் பாட்டுகள் தெரியாமல் போகலாம். அழிந்துவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம்.

மாமா வீட்டில் ஆறாவது முறை ஆள் சிக்கியது. ஒரே ஒரு ஃபைல், டேக் மட்டும் பழுது. அதை நீக்கியதும் போல்டர் சட்டென்று திறந்தது. பிளே செய்தால் வில்லின் மணிச்சத்தம் தெளிவாகக் கேட்டது. அழித்திருந்தால் போனது போனதுதான்.