உவர் நிலத்தில் வேரைக் காக்கும் பாக்டீரியா

உவர் நிலத்தில் நெல் நட்டால், வயலில் தண்ணீர் இருந்தும் நாற்று வேர் பிடிப்பதில்லை. இலை நுனி வெளுத்துக் கருகும். பயிர் திட்டுத் திட்டாகச் சாகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் கடல் நீர் புகுந்த நாகை மாவட்ட வயல்கள் இப்படித்தான் உவராயின. இத்தகைய நிலங்களில் இளம் பயிரைத் தேற்ற, நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் துணை புரிகின்றன.

பயிர் ஏன் வாடுகிறது?

மண்ணில் உப்பு மிகும்போது வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. சோடியம் மிகுதியாக உட்புகுந்து, சாம்பல் சத்து கிடைப்பதைக் குறைக்கிறது. இந்நிலையில் பயிர் எத்திலீன் வாயுவை அதிகமாகச் சுரக்கிறது. காயைப் பழுக்க வைக்கும் இதே வாயு மிகும்போது வேர் வளர்ச்சி தடைப்படுகிறது.

பாக்டீரியா செய்யும் வேலை

எத்திலீனுக்கு மூலமான ஏ.சி.சி. என்னும் பொருள் வேரிலிருந்து கசிகிறது. சூடோமோனாஸ் இனத்தில் சில வகைகள் ஒரு நொதியின் மூலம் இதைச் சிதைத்து உணவாக்கிக் கொள்கின்றன. அதனால் எத்திலீன் குறைந்து வேர் நீள்கிறது. இந்த நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978இல் விவரித்தனர். வேறு சில பாக்டீரியாக்கள் பசை போன்ற பொருளைச் சுரந்து, சோடியத்தில் ஒரு பகுதியை வேருக்கு வெளியிலேயே பிடித்து வைக்கின்றன. அசோஸ்பைரில்லம் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து, பக்க வேர்களையும் வேர்த் தூவிகளையும் பெருக்குகிறது.

இடும் முறை

ஒரு ஹெக்டேருக்குரிய நாற்றுக்கு 1 கிலோ அசோஸ்பைரில்லத்தை 40 லிட்டர் நல்ல நீரில் கரைத்து, நாற்றின் வேர்களை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடவும். மேலும் 2 கிலோவை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணுடன் கலந்து நடவுக்கு முன் வயலில் தூவவும். சூடோமோனாஸ் 2½ கிலோவை 50 கிலோ தொழு உரத்துடன் கலந்து இடலாம். இவற்றை ரசாயன உரத்துடனோ பூசணக் கொல்லியுடனோ கலக்கக் கூடாது. பொட்டலங்களை நிழலில் வைத்து, காலாவதி நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.

மறக்கக் கூடாதது

பாக்டீரியா மண்ணிலுள்ள உப்பை வெளியேற்றாது. வடிகால் வெட்டி, நல்ல நீரைத் தேக்கி வடித்தால்தான் உப்பு இறங்கும். மண் பரிசோதனையில் மின்கடத்துத்திறன் 4 டெசிசீமென்னுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்து சோடியமும் மிகுந்திருந்தால் அது களர் நிலம். அதற்கு ஜிப்சம் தேவை. கடல் நீரால் உவராகி, களர்த் தன்மை இல்லாத நிலத்தில் ஜிப்சத்துக்குச் செலவிடுவது வீண்.

எனவே முதலில் மண்ணைப் பரிசோதித்து, வடிகாலைச் சீர்செய்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுங்கள். கோ 43 போன்ற உவர் தாங்கும் நெல்லைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு இடும் நுண்ணுயிர் உரமே முழுப் பயன் தரும்.