விட்டுவிடச் சொன்ன வரி ஏன் வந்து நிற்கிறது?

ஊசல் ஆய்வின் அளவீடுகளைத் திங்களன்று கணிப்பொறியில் ஒரு கோப்பாக எழுதுகிறீர்கள். மறுநாள் அதற்கு நகல் எடுத்து, தேதியை மாற்றுகிறீர்கள். கைதவறி ஓர் எண்ணும் மாறிவிடுகிறது. எங்கே? கண்டுபிடித்துத் தருவது ‘டிஃப்’ என்னும் நிரல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய இந்நிரல், 1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது.

‘8-ஆம் வரி மாறியுள்ளது’ என்று மட்டும் சொன்னால் இடம் பிடிபடாது. ஆகவே மேலும் கீழும் மாறாத வரிகள் சிலவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். இவை சூழல் வரிகள். எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிட்டால் மேலே 3, கீழே 3.

5-ஆம் வரியில் தேதி. அது மாறத்தானே செய்யும்? ‘தேதி என்று தொடங்கும் வரிகளை விட்டுவிடு’ என்று ஆணையிடுகிறோம்; க்னூ டிஃப்பில் இவ்வசதி உண்டு. ஆனால் விடையில், மாறிய 8-ஆம் வரியோடு தேதி வரியும் வந்து நிற்கிறது! நிரலே பழுது என்று என் மாணவர் ஒருவர் முடிவு கட்டிவிட்டார்.

பழுதில்லை. 8-க்கு மேலுள்ள மூன்று வரிகள் 7, 6, 5 அல்லவா? சூழல் வரி என்றால் இரு கோப்புகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 7-உம் 6-உம் அப்படியே உள்ளன. 5-ஐ ‘மாறாத வரி’ என்று காட்டினால் அது பொய். எனவே அதையும் மாற்றமாகவே காட்டிவிடுகிறது. சூழலை 2 ஆக்கிப் பாருங்கள், தேதி மறைந்துவிடும்.

தேதி 7-ஆம் வரியிலேயே, அளவீட்டை ஒட்டி இருந்தால்? சூழலை 0 ஆக்கினாலும் மறையாது. அடுத்தடுத்து மாறிய வரிகளை டிஃப் ஒரே மாற்றமாகக் கொள்கிறது. அவற்றுள் ஒரு வரி விதிக்குள் அடங்காவிட்டாலும் முழுவதும் வெளிப்படும்.

அப்படியானால் சூழலைக் குறைத்தே வைக்கலாமே என்பீர்கள். கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால் சரி. லாரி வால் 1985-இல் வெளியிட்ட ‘பேட்ச்’ நிரல், டிஃப் தந்த மாற்றங்களை மற்றொரு நகலில் புகுத்துவது. அந்நகலில் வரி எண்கள் நகர்ந்திருந்தால், சூழல் வரிகளை அடையாளமாகக் கொண்டே இடத்தைத் தேடும். சூழல் 0 எனில் மாறிய வரியைத் தவிர வேறு அடையாளமில்லை. 1.98 என்ற அளவீடு இரண்டு இடங்களில் இருந்தால், தவறான இடம் திருத்தப்பட்டுவிடக்கூடும். அத்தகைய வேலைக்குச் சூழல் 3 ஆகவே இருக்கட்டும். தேதி வரி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.