601-ஆவது யூனிட்டின் விலை

ஒரு மாதத்தில் வீட்டுக்கு 600 யூனிட் மின்சாரம் செலவானால், வரிகளைச் சேர்க்காமல் 212 ரிங்கிட் 58 சென் கட்ட வேண்டும். இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடி 601 ஆனால் அது 231 ரிங்கிட் 95 சென் ஆகிவிடும். அந்தக் கடைசி யூனிட்டின் விலை 19 ரிங்கிட்டுக்கு மேல்! காகிதத்தை எடுத்து மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறைதான் காரணம். முன்பு முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100-க்கு வேறு விலை என்று படிப்படியாக ஏறியது. இப்போது மாதம் 1,500 யூனிட் வரை எல்லா யூனிட்டுக்கும் 44.43 சென். ஆனால் சிக்கனமாக இருப்பவர்களுக்கு ஊக்கக் கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 சென் கழியும். 351 முதல் 400 வரை என்றால் 17 சென். 601-ஐத் தொட்டால் 7.5 சென்தான். 1,000-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இந்தக் கழிவு மாதத்தின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்து, முதல் யூனிட்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 600-ஐத் தாண்டியவர்களுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டும் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது சபாக்கில் இருக்கும் அம்மாவுக்காக.

அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீடு அது. அவர் போன பிறகு அம்மா மட்டும்தான் அங்கே. நானும் தம்பியும் ஷா ஆலம் பக்கம் வேலையில் இருக்கிறோம். பெற்றோருக்கு ஏர்கோன் வாங்கிக் கொடுப்பது இப்போது பிள்ளைகளின் கடமை போல ஆகிவிட்டதே, அதன்படி தம்பி இரண்டு அறையிலும் மாட்டிவிட்டான். பேரப்பிள்ளைகள் தங்கிய விடுமுறை மாதத்தில் 640 யூனிட் ஓடியது. கட்டணம் 246 ரிங்கிட்டுக்கு மேல். அதைப் பார்த்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு ஏர்கோனின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். இரவில் அறை வெக்கை தாங்காமல் ஹாலில் பாய் விரித்து, முன்கதவைத் திறந்துபோட்டு, கிரில்லை மட்டும் பூட்டிப் படுக்கத் தொடங்கினார். எழுபத்து நான்கு வயது, இரத்த அழுத்த மாத்திரை, பின்னால் வாய்க்கால், கொசு. பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கேட்டதற்கு, "கரண்டு காசு உங்க காசுதானேடா எரியுது" என்றார்.

காசை நாங்கள் கட்டுகிறோம் என்று சொல்லி அவரை மாற்ற முடியாது. தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு சில மணி நேரம் மட்டும் ஓடிய காலத்தில் பிள்ளை வளர்த்தவர். வீட்டையே மாற்றினால்தான் உண்டு.

முதலில் கூரை. சபாக் பூமத்திய ரேகைக்கு வடக்கே நான்கு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்க நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். ஆகவே நம் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு சுவர் வழியாக அல்ல, கூரை வழியாகத்தான் இறங்குகிறது. அத்தாப்பு வேய்ந்த காலத்தில் ஓலைக்குள் இருந்த காற்றே தடுப்பாக நின்றது. தகரம் வந்தது, மழைக்கு நல்லது, வெயிலுக்கு அடுப்பு. சூடேறிய தகரம் கீழே இருக்கும் சீலிங் பலகையை நோக்கிக் கதிராக வெப்பத்தை வீசுகிறது. பலகை சூடாகி, இரவு ஒன்பது மணிக்கும் நம் தலைமேல் அனலாக இறங்குகிறது. ஏர்கோன் அந்த அனலோடுதான் இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறது.

சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி எட்டிப் பார்த்தோம். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே வெறும் தூசி. கூரை வேலை செய்பவரை அழைத்து, தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள் கட்டச் சொன்னோம். பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும், அதற்கும் சீலிங்குக்கும் இடையே காற்று இருக்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பயன் குறைந்துவிடும். எதிலாவது ஒட்டிக் கிடந்தால் கதிரைத் தடுக்கும் வேலையே நடக்காது. இரண்டு படுக்கையறைகளின் சீலிங் மேல் மட்டும் ராக்வூல் பஞ்சு விரித்தோம். தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளைக் கூரைப் பெயிண்ட். இந்தியாவின் தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அதன் அடிப்படையும் வெயிலைத் திருப்பி அனுப்பும் இத்தகைய கூரைதான்.

எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நல்ல ஏர்கோனின் விலைதான் ஆனது. இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் அறையில் 32 டிகிரிக்கு மேல் காட்டிய வெப்பமானி இப்போது 30-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய தோட்ட வீடுகளிலும் பழைய மலிவு விலை வீடுகளிலும் நெளிநெளியான சாம்பல் நிறக் கூரை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் துளைக்கவோ உடைக்கவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. தெரிந்த ஆளைக் கொண்டு பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்தது காற்று. பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று வரும் ஊர் இது. இரவில் நிலக்காற்று கடலை நோக்கிப் போகும். அதற்கு வீட்டில் இரண்டு வாசல் வேண்டும். ஆனால் நம்மில் எத்தனை பேர் பின்பக்கச் சமையலறையை எல்லைச் சுவர் வரை இழுத்துக் கட்டியிருக்கிறோம்! எங்கள் வீடும் அப்படித்தான். இடித்துக் கட்ட வசதியில்லை. பின்சுவரில் உயரமாக ஓட்டைக்கல் வரிசை ஒன்று வைத்து, அதற்கும் சன்னல்களுக்கும் கொசுவலை அடித்தோம். இப்போது மாலை ஆறு மணிக்குச் சன்னலைச் சாத்தும் பழக்கம் நின்றுவிட்டது. என்னைக் கேட்டால், செலவுக்குப் பலன் என்று பார்க்கும்போது கொசுவலைக்குத்தான் முதல் பரிசு.

பிறகுதான் கருவிகள். பிளக்கில் செருகி யூனிட் அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. சமையலறை ஐஸ்பெட்டி ஒரு நாளைக்கு 2.3 யூனிட் தின்றது. பின்கட்டில் இன்னொரு பழைய ஐஸ்பெட்டி, தீபாவளிக்குக் குளிர்பானம் வைக்க ஓட்டியது, மூன்று போத்தல் தண்ணீரோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நாளுக்கு 1.8 யூனிட், மாதத்துக்கு 54. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். அதை நிறுத்தினோம். சமையலறைக்குப் புதிதாக வாங்கியது எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை கொண்டது, நாளுக்கு 0.9 யூனிட். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், முத்திரையில் இருக்கும் ஆண்டு யூனிட் கணக்கையும் பாருங்கள். பெரிய ஐந்து நட்சத்திரப் பெட்டி, சிறிய நான்கு நட்சத்திரப் பெட்டியை விட அதிகம் இழுக்கலாம்.

விளக்கு, கைப்பேசி சார்ஜர் பற்றி வீட்டில் போடும் சண்டையெல்லாம் வீண். 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டரில் ஒரு பிள்ளை பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட் போய்விடும்; 10 வாட் எல்.இ.டி. விளக்கு அதே 0.6-ல் 60 மணி நேரம் எரியும்.

அம்மா இப்போது அறைக்குள் கட்டிலில் படுக்கிறார். ஏர்கோன் ஒன்று மட்டும், 26 டிகிரியில், பன்னிரண்டு மணிக்குத் தானே நின்றுவிடும்படி வைத்திருக்கிறோம். அதன் பிறகு காற்றாடி போதும் என்கிறார். முன்கதவு சாத்தியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் எனக்குப் பெரிய சேதி.

பேரப்பிள்ளைகள் மறுபடி வந்து தங்கிய மாதத்தில் 380 யூனிட், 104 ரிங்கிட் சொச்சம். யூனிட் 40 விழுக்காடு குறைந்தது. கட்டணமோ பாதிக்கு மேல் குறைந்தது. கழிவு முறையின் சூட்சுமம் இதுதான். சூரியசக்தித் தகடு போடலாமா என்று தம்பி கேட்டான். மாதம் 100 ரிங்கிட் வரும் வீட்டில் அந்த முதலீடு திரும்ப வெகுநாள் ஆகும் என்பது என் எண்ணம். 1,000 யூனிட்டுக்கு மேல் ஓடும் ஷா ஆலம் வீட்டுக்கு வேண்டுமானால் அவன் யோசிக்கட்டும்.

இன்னும் மேற்குச் சுவர் பாக்கி. மாலை வெயில் அதில்தான் அடிக்கிறது. தம்பி அலுமினியப் பந்தல் போடலாம் என்கிறான். அம்மா கம்பி கட்டிப் பாகற்கொடி ஏற்றிவிட்டார். இரண்டு வாரத்தில் சன்னல் உயரம் வந்துவிட்டது.