உருமாறிய லில்லியும் ஒரு வாடகைப் பதிவேடும்

துணியில் ஒரு குறை தென்பட்டால், அனுபவமுள்ள நெசவாளி உடனே நூல் கொடுத்தவரைக் குறை கூறமாட்டார். அக்குறை நெட்டுவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே கிடக்கிறதா என்பதையே முதலில் நோக்குவார். நெட்டுவாக்கில் ஓடினால் கோளாறு பாவில்; குறுக்கே கிடந்தால் ஊடையில். குறை கிடக்கும் விதமே அதன் காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். தோட்டப் பயிர் செய்வோரும் இவ்வெளிய முறையைக் கைக்கொள்ளலாம் என்பதை, லில்லி மலர்ச் சாகுபடியில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

நீலகிரிச் சரிவில் உள்ள ஒரு சிறு சங்கத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அங்கத்தினர் பதினொருவர் சங்கத்தின் வழியாகக் கடன் பெற்று, நெதர்லாந்து நாட்டிலிருந்து இறக்குமதியான லில்லிக் கிழங்குகளை ஒரு விற்பனையாளரிடம் வாங்கிப் பசுமைக் குடில்களில் நட்டிருந்தனர். மொட்டு விடும் தறுவாயில் நால்வருடைய குடில்களில் செடிகள் உருமாறி நின்றன. கெட்ட கிழங்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று விற்பனையாளருக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்தி வைக்க நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நாம் கணக்குப் புத்தகங்களைக் கேட்டபோது முதிய அங்கத்தினர் ஒருவர், “ஐயா, கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் செடியைப் பாருங்கள்” என்றார். கடன் தொகையை எண்ணி இரவெல்லாம் உறங்காதவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. செடிகளையே முதலில் பார்த்தோம்.

பட்டைத் தண்டு

நால்வருள் ஒருவருடைய குடிலில் உருமாறியிருந்தது ஒரே ஒரு செடிதான். அதன் தண்டு உருண்டையாக இராமல் நாடாவைப் போல் தட்டையாக அகன்றிருந்தது. உச்சியில் நாலைந்து மொட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சிறு மொட்டுகள் கூட்டமாக நெருங்கி நின்றன. அக்கம்பக்கத்தார் குழந்தைகளை அழைத்து வந்து காட்டிக்கொண்டிருந்தனர்.

தண்டின் நுனியில் வளர்ச்சி நடைபெறும் இடம் ஒரு புள்ளிபோல் குவிந்திருப்பதே இயல்பு. அப்புள்ளி பக்கவாட்டில் நீண்டு கோடாகிவிட்டால் தண்டும் தட்டையாகிவிடும். நம் வீட்டு முற்றங்களில் வளரும் கோழிக்கொண்டைப் பூ இத்தகையதே. அதில் இத்தன்மை பரம்பரையாக வருகிறது. மெண்டல் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டாணி ஆராய்ச்சியில், தண்டின் உச்சியில் பூக்கள் திரளும் இவ்வகைச் செடியும் இடம்பெற்றிருந்தது. ஆயின் லில்லியில் இது பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. இளங்குருத்தைக் கடுங்குளிர் தாக்கினாலோ, பூச்சி கடித்தாலோ, களைக்கொத்து பட்டாலோ நுனி இவ்வாறு மாறக்கூடும். அவ்வாறு நேர்ந்தது அடுத்த செடிக்குத் தொற்றுவதில்லை. மறு ஆண்டு அதே கிழங்கு இயல்பான தண்டையே விடுவதும் உண்டு.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ரோடோகாக்கஸ் ஃபாசியன்ஸ் என்னும் பாக்டீரியா தாக்கினால், மண்ணை ஒட்டிக் கிழங்கின் அருகில் குட்டையான தடித்த முளைகள் காலிஃபிளவர்போல் திரண்டு நிற்கும். அது தொற்றுநோய். அத்தகைய செடியை மண்ணோடு பெயர்த்து அழித்துவிட்டு, வெட்டிய கத்தியையும் தூய்மை செய்தல் அவசியம். நாம் கண்ட செடியின் அடியில் அத்தகைய திரட்சி எதுவும் இல்லை.

கோடிட்ட மலர்

அச்செடிக்கு உரியவர், அதன் கிழங்கைப் பாதுகாத்துப் பெருக்கினால் அரிய வகையாக நல்ல விலைக்கு விற்கலாமே என்று ஆசைப்பட்டார். அவருக்கு நாம் ஒரு பழைய வரலாற்றைக் கூறினோம். லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்த துலிப் மலரில் தீச்சுடர்போல் கோடுகள் ஓடிய சில வகைகளுக்கு நெதர்லாந்தில் பெரும் மோகம் ஏற்பட்டது. சில கிழங்குகளுக்கு ஒரு வீட்டின் விலை கூறப்பட்டது. 1637ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்விலை திடீரெனச் சரிந்தது. அக்கோடுகள் ஒரு நோயின் அடையாளம் என்பதை அன்று எவரும் அறியார். நோயுற்ற கிழங்கின் துண்டை நல்ல கிழங்கில் ஒட்டினால் கோடுகளும் தொற்றுகின்றன என்பதை, இங்கிலாந்தில் டோரதி கெய்லி என்னும் ஆராய்ச்சியாளர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். வைரஸ் என்னும் நச்சுயிரியே அதன் காரணம்.

இந்த நச்சுயிரி லில்லியையும் தாக்கும். இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றும். பூவின் நிறம் சிதறும். செடி ஆண்டுக்கு ஆண்டு மெலியும். அசுவினிப் பூச்சிகள் இதைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. புலிவரி லில்லி என்னும் வகை, தன்னிடம் நோய் இருந்தும் வெளிக்காட்டாமல் பிறவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடியது. இந்நோய்க்கு மருந்து இல்லை. கிழங்கிலேயே தங்கி அதன் குட்டிக் கிழங்குகளுக்கும் போய்ச் சேரும். நோயுற்ற செடியை நீக்குவதே வழி. ஆகவே உருமாற்றம் அழகாயிருக்கிறது என்பதற்காக அதைப் பெருக்கத் தொடங்கலாகாது. அவ்வங்கத்தினர் எம் சொல்லைக் கேட்டு அக்கிழங்கைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தார். மறு ஆண்டு அது உருண்டைத் தண்டுடன் மூன்று பூக்களையே கொடுத்தது.

முறுக்கிய செடிகள்

மற்ற மூன்று குடில்களின் நிலை வேறு. அங்கே தண்டுகள் முறுக்கி வளைந்திருந்தன, இலைகள் சுருண்டிருந்தன, மொட்டுகள் கோணலாகக் கவிழ்ந்திருந்தன. ஒரு செடி, இரு செடி என்றில்லாமல் வரிசை வரிசையாக இவ்வாறு நின்றன. இதே சரக்கில் வந்த கிழங்குகள் ஏனைய குடில்களில் நேராக வளர்ந்திருந்தன. கிழங்கில் கோளாறு எனில் அது பதினொருவர் குடில்களிலும் சிதறித் தோன்றியிருக்க வேண்டும் அன்றோ? மேலும், முதலாவது குடிலில் பாதிப்பு மிகுதி, இரண்டாவதில் குறைவு, மூன்றாவதில் சொற்பம். ஏதோ ஒன்று குடில் குடிலாகச் சென்று, போகப் போக நீர்த்துப் போயிருக்கிறது எனத் தோன்றியது.

சங்க அலுவலகத்திற்குத் திரும்பி, மருந்து தெளிப்பானின் வாடகைப் பதிவேட்டைப் புரட்டினோம். பெயர், தேதி, வாடகை ஆகியவற்றுடன் ‘என்ன மருந்து’ என்றொரு பத்தியும் அதில் இருந்தது. ஓர் அங்கத்தினர் தம் மேட்டு நிலத்துக் களைகளை அழிக்க 2,4-டி என்னும் களைக்கொல்லிக்காகத் தெளிப்பானை எடுத்துச் சென்றிருந்தார். அடுத்த நாள் முதல், பூஞ்சணத்திற்கு மருந்து தெளிப்பதற்காக மூவர் ஒருவர்பின் ஒருவராக அதே தெளிப்பானைக் கொண்டு போயிருந்தனர். அம்மூவர் குடில்களே முறுக்கி நின்றவை, வரிசையும் அதுவே. களைக்கொல்லி தெளித்தவரை விசாரித்தோம். “தண்ணீர் விட்டு அலசித்தான் கொடுத்தேன்” என்றார். அவர் கூறியது உண்மையே. ஒரு முறை அலசினால் போதாது என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

2,4-டி என்பது செடிகளின் வளர்ச்சியை நடத்தும் இயற்கைப் பொருளைப் போலவே வேலை செய்வது. செடியை நெறிகெட்டு வளரச் செய்து அழிப்பது. தொட்டியிலும் குழாயிலும் தங்கிய சிறிதளவே மென்மையான பயிரை உருமாற்றப் போதுமானது. பருத்தி பயிரிடும் அங்கத்தினர் இதைக் குறிப்பாகக் கவனித்தல் வேண்டும். இம்மருந்துக்கு மிக எளிதில் இலக்காகும் பயிர் பருத்தி. காற்றில் வரும் சாரல் பட்டாலே அதன் இலைகள் விரல்போல் குறுகி நீண்டு, காய்ப்பும் குறையும். நெசவாளியின் நூலுக்கும் அங்கேயே ஊறு நேர்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டுவன

செடி உருமாறினால் உடனே பிடுங்கி எறியவும் வேண்டாம், எவரையும் பழிக்கவும் வேண்டாம். முதலில் நிலத்தைச் சுற்றி வந்து எத்தனை செடிகள், எந்த ஒழுங்கில் என்று எழுதிக் கொள்க. ஒரே செடியில் தட்டைத் தண்டு எனில் பெரும்பாலும் தற்செயல். அடியில் முளைகள் திரண்டிருந்தால் தொற்று. அங்கங்கே இலையில் திட்டும் பூவில் கோடும் காணப்பட்டால் நச்சுயிரி எனச் சந்தேகிக்கலாம். வரிசை முழுவதும் அல்லது ஒரே பக்கமாக முறுக்கினால் மருந்தை நினைக்க வேண்டும். பின்னர் செடியுடன் தோட்டக்கலை அலுவலரை அணுகுக. களைக்கொல்லிக்கெனத் தனித் தெளிப்பான் வைத்து, அதை வேறு எதற்கும் எடுக்காதிருத்தல் எல்லாவற்றினும் முக்கியம்.

அச்சங்கம் தன் தீர்மானத்தை ரத்து செய்து விற்பனையாளரின் பாக்கியைச் செலுத்தியது. பாதிக்கப்பட்ட மூவரின் கடன் தவணையை நீட்டிக் கொடுத்தது. இரண்டாவது தெளிப்பான் ஒன்றை வாங்கிச் சிவப்பு வண்ணம் பூசிக் களைக்கொல்லிக்கென ஒதுக்கியது.

இதில் எம் பங்கையும் மறைப்பது முறையன்று. அதற்கு முந்தைய ஆண்டின் ஆய்வுக் குறிப்பில், ஒரே தெளிப்பானைக் கொண்டு எல்லா அங்கத்தினர்க்கும் சிக்கனமாகப் பணி செய்கிறது என்று அச்சங்கத்தை நாமே பாராட்டி எழுதியிருந்தோம். அப்பக்கத்தைக் காரியதரிசி எமக்கு எடுத்துக் காட்டவில்லை, நாமே கண்டோம். ‘என்ன மருந்து’ என்னும் பத்தியைப் பதிவேட்டில் சேர்த்தவர் அங்கு முன்பு பணியாற்றிய எழுத்தர் ஒருவர் என்று பின்னர் அறிந்தோம். வேறு எந்தச் சங்கத்தின் தெளிப்பான் பதிவேட்டிலும் அப்பத்தியை நாம் அதுவரை கண்டதில்லை. இப்போது ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களிலெல்லாம் அதையே முதலில் கேட்டு வருகிறோம்.